அரேனா பிக்கப்: விரிசல் விட்ட மேனிஃபோல்டுக்குப் பதிலாக நீளக் குழாய் எக்ஸ்ட்ராக்டர் பொருத்தலாமா?

சுங்கை சிப்புட் ஆட்டுப்பண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட புரோட்டோன் அரேனா பிக்கப் இருக்கிறது. வீரா 1.5-இல் வந்த அதே 4ஜி15 இன்ஜின், 12 வால்வு, 1,468 சிசி, மேனுவல் கியர். லாசா போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் எங்கள் குடும்பம் ஆடு வளர்க்கிறது. வாரம் இருமுறை நகரத்திலிருந்து 50 கிலோ செம்பனைப் புண்ணாக்கு மூட்டைகள் எட்டு, சில வேளைகளில் ஒன்பது ஏற்றி வருகிறேன். தார்ச்சாலை முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் செம்மண் தடம். பழக்குலை லோரிகள் ஓடி ஓடி இருபுறமும் சக்கரப் பள்ளம் விழுந்து, நடுவில் மண் மேடு கட்டி நிற்கும். கடைசி அரைக் கிலோமீட்டர் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போனால் வண்டி திணறும்.

மூன்று மாதங்களாகக் காலையில் வண்டியை முடுக்கியவுடன் முன்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. பத்து நிமிடம் ஓடியதும் அது நின்றுவிடுகிறது. பெட்ரோலும் முன்பைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. சென்ற வாரம் ஃபோர்மன் (மெக்கானிக்) வெப்பத் தகட்டைக் கழற்றிக் காட்டியபோது, இரண்டாம் மூன்றாம் துளைகளுக்கு நடுவில், இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு மயிரிழை அளவு விரிசல் விட்டு, அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

அவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, குட்டையான 4-1 எக்ஸ்ட்ராக்டர் (நான்கு தனிக் குழாய்கள் ஒரே இடத்தில் ஒன்றாகும் புகைக்குழாய்த் தொகுதி) ஒன்றைப் பொருத்தி, புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால் வண்டி பறக்கும் என்கிறார். என் மைத்துனரோ பாரம் ஏற்றும் வண்டிக்கு நீளக் குழாய் 4-2-1 (நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) தான் ஏற்றது என்கிறார். எனக்கு வண்டி பறக்க வேண்டியதில்லை. மூட்டையோடு அந்த ஏற்றத்தைத் திணறாமல் ஏறினால் போதும். எது சரி? நீளக் குழாய் அடியில் தொங்கி நடுமேட்டில் இடிக்குமா? புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் சிக்கல் வருமா? பள்ளி விடும் நேரத்தில் என் இரு பிள்ளைகளும் இதே வண்டியில்தான் வருகிறார்கள் என்பதால், அவசரப்பட்டு எதையும் செய்ய மனம் வரவில்லை.

ஈப்போ பழைய ஃபோர்மன் எழுதியது:

தம்பி, கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. விரிசல் வழியாக வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்கள் இன்ஜினில் மேனிஃபோல்டு ரேடியேட்டர் பக்கமாக இருப்பதால், வண்டி நின்றுகொண்டு இன்ஜின் மட்டும் ஓடும்போது அந்தப் புகை பானட்டின் அடியில் தேங்கி, கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்று வாய் வழியாக உள்ளே வர வாய்ப்பு உண்டு. வேலை முடியும் வரை பிள்ளைகளை வேறு வண்டியில் அழைத்து வாருங்கள். பள்ளி வாசலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

சத்தம் காலையில் வந்து பிறகு நின்றுபோவது விரிசலுக்கே உரிய குணம். இரும்பு குளிர்ந்திருக்கும்போது பிளவு திறந்திருக்கும். சூடேறி விரியும்போது பிளவின் இரு உதடுகளும் நெருங்கி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதற்கும் அதே விரிசல்தான் காரணமாக இருக்கும். புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே குழாயினுள் அழுத்தம் தாழும்போது, வெளிக்காற்று அந்தப் பிளவு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன், புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சரைத் தொட்டவுடன், கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் தவறாகக் கணக்கிட்டு மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. ஆகவே நீங்கள் எதை மாற்றினாலும், கசிவு நின்றவுடன் பெட்ரோல் செலவு பழைய நிலைக்குத் திரும்பும். அதை எக்ஸ்ட்ராக்டரின் பெருமையாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி 4-1, 4-2-1 பற்றிச் சொல்கிறேன். வால்வு திறந்தவுடன் புகையோடு சேர்ந்து ஓர் அழுத்த அலையும் குழாயில் ஓடுகிறது. சூடான புகையில் அது விநாடிக்கு 500 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போகும். குழாய்கள் ஒன்று சேரும் இடத்தை அடைந்ததும் அந்த அலை எதிர்க்குணம் கொண்டு, அதாவது உறிஞ்சும் அலையாக மாறி, வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. எக்சோஸ் வால்வு மூடுமுன்பே இன்டேக் வால்வும் திறந்து, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு இடம் தருகிறது. எக்ஸ்ட்ராக்டர் செய்யும் வேலை முழுவதும் இதுதான். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) ஒரு முறை சுற்ற 10 மில்லி விநாடி ஆகிறது. 3,000 சுற்றில் 20 மில்லி விநாடி ஆகிறது. மெதுவான சுற்றில் அலை சரியான நேரத்துக்கு வந்து சேர வேண்டுமானால் அது நெடுந்தொலைவு போய்வர வேண்டும். அதனால்தான் நீளக் குழாய் தாழ்ந்த சுற்றில் இழுவை தருகிறது. குட்டைக் குழாய் இன்ஜினை அலறவிட்டு ஓட்டுபவர்களுக்குப் பயன்படுகிறது. ஒன்பது மூட்டையோடு இரண்டாம் கியரில் ஏறும் உங்களுக்கு உங்கள் மைத்துனர் சொன்னதே சரி.

4-2-1 என்று வாங்கும்போது எந்த இரண்டு குழாய்கள் சேருகின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். உங்கள் இன்ஜினின் வெடிப்பு வரிசை 1-3-4-2. ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் மற்றொரு ஜோடியாகச் சேர்ந்தால்தான் ஜோடிக்குள் துடிப்புகள் சம இடைவெளியில் வரும், ஒன்றின் புகை மற்றொன்றின் வாயில் போய் முட்டாது. ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஒட்டப்பட்ட மலிவான பொருள்களையும் நான் பார்த்திருக்கிறேன். குழாயின் விட்டம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பெருங்குழாய் வைத்தால் புகையின் வேகம் குறைந்து, நீங்கள் தேடும் தாழ்சுற்று இழுவையே முதலில் போய்விடும். வீரா 1.5 12 வால்வுக்கு விற்கப்படும் எக்ஸ்ட்ராக்டரே உங்கள் இன்ஜினின் ஹெட்டில் (மேல்பகுதியில்) உட்காரும், 1.6, 1.8 வீராக்களில் இருப்பவை 4ஜி92, 4ஜி93 இன்ஜின்கள், அவற்றின் பொருள் இதில் சேராது. ஆனால் அரேனாவில் பின்னால் இணையும் குழாயின் இடத்தை அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

காட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். 1.5 லிட்டர் இன்ஜினில் அதை எடுப்பதால் கிடைக்கும் இழுவையை உங்கள் கால் உணரப்போவதில்லை. ஆனால் புகைச் சோதனைக் கருவி உடனே உணர்ந்துவிடும். சத்தத்துக்கும் 1987-ஆம் ஆண்டிலிருந்தே மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. அசல் சைலன்சரும் கன்வெர்ட்டரும் இடத்தில் இருக்க, குழாயில் கசிவில்லாமல் இருந்தால் வண்டி அமைதியாகவே ஓடும். எதற்கும் பொருளை வாங்குமுன் புஸ்பாகோம் கவுண்டரிலோ ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்திலோ நேரில் கேட்டுவிடுங்கள். பழைய மேனிஃபோல்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடை) நல்ல நிலையிலுள்ள அசல் மேனிஃபோல்டு கிடைத்தால் அதுவும் மரியாதையான தீர்வுதான். வார்ப்பிரும்பு கனமானது, சத்தத்தை அடக்கும், சேற்றுக்கும் தண்ணீருக்கும் அஞ்சாது. விரிசலுக்கு மேல் வெல்டிங் போடுவதை மட்டும் தவிருங்கள். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெல்ல மெல்ல ஆறவிட்டால்தான் நிற்கும். அந்தப் பொறுமை இப்போது எந்தப் பட்டறையிலும் இல்லை.

கம்போங் அரேனாக்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரரே. நானும் அரேனா ஓட்டுபவன், காய்கறி ஏற்றுகிறேன். ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் நான் பட்ட பாடு ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

நான் 4-2-1 பொருத்தியபோது பட்டறையில் ஃபிளெக்ஸ் பைப் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நம் வண்டியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. கிளட்சை விடும்போதெல்லாம் முன்னும் பின்னுமாக அசைகிறது. அந்த அசைவு வண்டியின் அடியில் ஓடும் நீண்ட குழாய்க்குப் போகாமல் நடுவில் வளைந்து கொடுக்க, கம்பி வலை சுற்றிய அந்த வளைகுழாய் வேண்டும். எனக்கு அது இல்லாததால், நான்கே மாதத்தில், இரண்டு குழாய்கள் ஒன்றாகும் இடத்தில் வெல்டிங் ஓரமாகச் சுற்றிவர விரிசல் விட்டு, ஒரு மழை நாளில் கோலகங்சார் சாலையில் குழாய் தரையில் இழுபட்டது. வெல்டிங் ஒட்டு நன்றாகவே இருந்தது. அதன் பக்கத்து இரும்புதான் களைத்துப்போய் அறுந்திருந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி அறுந்தது. ஃபிளெக்ஸ் வைத்த பிறகுதான் நின்றது.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் எக்ஸ்ட்ராக்டரின் சேர்க்கை ஆயில் சம்ப்பைவிட (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இரண்டு விரற்கடை தாழ்வாக இருந்தது. தோட்டத்து நடுமேட்டில் ஒருமுறை இடித்து, அடிப்பக்கம் தட்டையாக நசுங்கியது. வாங்குமுன் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன் கிராஸ்மெம்பருக்குக் (அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம்) கீழே ஒரு நேரான மரச்சட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். குழாய் அந்தச் சட்டத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பொருள் நகரத்துக் காருக்கு உரியது, நமக்கு உரியதல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வறட்சியான மாதங்களில் லாலான் புல்லின்மேலும் காய்ந்த செம்பனை ஓலையின்மேலும் வண்டியை நிறுத்த வேண்டாம். மெல்லிய குழாய் வார்ப்பிரும்பைவிடத் தாழ்வாகவும் வெளிப்படையாகவும் இருக்கிறது, சூடும் குறைவதில்லை.

கோலகங்சார் ஹைலக்ஸ் எழுதியது:

ஐயா, இந்த உரையாடலிலேயே கேட்டுவிடுகிறேன். என் ஹைலக்ஸ் 2.5 டீசல், டர்போ உள்ளது. இதற்கும் இப்படி நீளக் குழாய் எக்ஸ்ட்ராக்டர் செய்து போட முடியுமா? ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார்.

ஈப்போ பழைய ஃபோர்மன் எழுதியது:

கோலகங்சார் தம்பிக்கு: உங்கள் வண்டிக்கு அது வேண்டாம். டர்போவின் சக்கரம் புகையின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சுழல்கிறது. மேனிஃபோல்டு குட்டையாகவும் கனமாகவும் இருந்தால்தான் அந்த வெப்பம் வழியில் வீணாகாமல் டர்போவைச் சேரும். நீளக் குழாய் வைத்தால் வெப்பம் குழாயிலேயே ஆறி, டர்போ விழித்துக்கொள்ளத் தாமதமாகும். அதோடு டர்போவின் எடையை மெல்லிய குழாய்கள் தாங்கவும் வேண்டும். புகை வழியில் எதையாவது மேம்படுத்துவதானால், அது டர்போவுக்குப் பின்னால் வரும் பகுதியில்தான்.

ஆட்டுப்பண்ணைத் தம்பிக்கு: ஃபிளெக்ஸ் பற்றிச் சொல்ல நான் மறந்தது என் பிழை. அரேனாக்காரருக்கு நன்றி. அதனுடன் விரிவையும் கணக்கில் கொள்ளுங்கள். 80 சென்டிமீட்டர் குழாய் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால், சாதாரண இரும்பில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டரும், 304 ஸ்டெயின்லெஸில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரும் நீளும். ஒவ்வொரு நாளும் நீண்டு, ஒவ்வோர் இரவும் சுருங்கும் பொருளை இரு முனையிலும் இறுக்கிக் கட்டினால் அது எங்காவது அறுந்துதான் தீரும்.

பொருத்தும் நாளில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன். வேலையின் பெரும்பகுதி கழற்றுவதில்தான் இருக்கிறது. 20 ஆண்டு வெந்த ஸ்டட்டுகள் (மேனிஃபோல்டைப் பிடிக்கும் மரையாணிகள்) அலுமினிய ஹெட்டில் துருவேறி ஒட்டியிருக்கும். முதல் நாள் மாலையே துரு எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, 12 நம்பர் சாக்கெட்டை நட்டில் முழுமையாக உட்காரவைத்து, முதலில் மயிரிழை இறுக்கும் பக்கமாகத் தள்ளி, பிறகு தளர்த்தும் பக்கமாகத் திருப்ப வேண்டும். 'கிரீச்' என்று சத்தம் வந்தால் நல்லது, துரு விடுகிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் ரப்பர்போல இளகிக்கொடுத்தால் ஸ்டட் முறுக்கிக்கொண்டு அறுபடப் போகிறது. உடனே நிறுத்திவிட்டு, மீண்டும் எண்ணெய் அடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, காத்திருக்க வேண்டும். அறுந்துவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, அந்தச் சூட்டிலேயே திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வண்டியில் எதை வெல்டிங் செய்தாலும் அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு ஆபத்து.

புதிய எக்ஸ்ட்ராக்டரின் தகட்டை ஹெட்டில் வைக்குமுன், எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். வெல்டிங் சூட்டில் தகடு வாழை இலைபோல வளைந்திருப்பது சாதாரணமாக நடப்பதுதான். 0.3 மில்லிமீட்டர் கேஜ் அடியில் நுழைந்தால் எக்ஸ்ட்ராக்டர் தகட்டைத் தேய்த்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். நடுவில் வைக்கும் கேஸ்கெட் நிரப்பிக்கொள்ளும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும், சிலிக்கான் பூச வேண்டாம். நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், சுமார் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஹெட் அலுமினியம் என்பதை மறந்து நீளக் கைப்பிடி போட்டு முறுக்கினால் மரையே கழன்று வந்துவிடும்.

ஆக்சிஜன் சென்சரின் இடம் எக்ஸ்ட்ராக்டரில் கீழே தள்ளிப் போயிருக்கும். அது நான்கு குழாய்களும் சேர்ந்த பிறகு வரும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கேயும் அது 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். ஒற்றை வயர் சென்சரானால் தன் சூட்டுக்குப் புகையையே நம்பியிருக்கிறது, தொலைவாகத் தள்ளக்கூடாது. மூன்று நான்கு வயர் சென்சரில் உள்ளேயே சூடேற்றும் கம்பி இருக்கும். வயரை நீட்ட நேர்ந்தால் குழாயைத் தொடாமல் கிளிப்பால் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டர் விசிறிக்கும் குழாய்க்கும் இடையே விரல் நுழையும் இடமாவது வேண்டும், கீழ் ஹோஸுக்கும் அப்படியே. வெப்பத் துணி சுற்றச் சொல்வார்கள். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் சாதாரண இரும்புக் குழாயில் அதைச் சுற்றினால் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். அதற்குப் பதிலாகத் தகட்டு மறைப்பு வையுங்கள்.

சுங்கை சிப்புட் ஆட்டுப்பண்ணை எழுதியது:

ஐயாவுக்கும் சகோதரருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பொத்தோங் கடைகள் மூன்றில் தேடியும் விரிசல் இல்லாத அசல் மேனிஃபோல்டு கிடைக்கவில்லை. ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு, வேறொரு பட்டறையில் சாதாரண இரும்பில் செய்த 4-2-1 ஒன்றை, கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் அப்படியே வைத்து, ஃபிளெக்ஸுடன் பொருத்தினோம். மரச்சட்டத்தைப் பிடித்துப் பார்த்ததால், முதலில் காட்டிய பொருளை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அதன் சேர்க்கை சட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது.

ஒரே ஒரு ஸ்டட் அறுந்தது. ஐயா சொன்னதுபோலவே அது சத்தமில்லாமல் இளகியது. ஃபோர்மன் நிறுத்துவதற்குள் போய்விட்டது. நட்டை ஒட்டித் திருப்பியதும் முழுதாக வந்தது. தகட்டில் நான்காம் துளையின் ஓரம் ஃபீலர் கேஜ் நுழைந்ததால், தேய்த்துச் சமப்படுத்த மேலும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் முகம் சுளிக்கவில்லை, நல்ல மனிதர்.

காலைச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. பெட்ரோல் செலவு பழைய கணக்குக்கு வந்துவிட்டது. அது கசிவு நின்றதால்தான் என்று புரிந்துகொண்டேன். ஏற்றத்தில் இரண்டாம் கியர்தான் இன்னமும் வேண்டியிருக்கிறது, ஆனால் முன்பு பாதி வழியில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்த வேண்டியிருந்த இடத்தில் இப்போது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளை இந்த வாரத்திலிருந்துதான் மீண்டும் ஏற்றுகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி பார்த்தபோது இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின. இது குறையா?

ஈப்போ பழைய ஃபோர்மன் எழுதியது:

குறையல்ல தம்பி. புதுக் கேஸ்கெட் சில முறை சூடேறி ஆறும்போது அமுங்கிக்கொள்ளும், அந்த அளவுக்கு நட்டு இறங்கும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த காலை வேளையில், 500 கிலோமீட்டர் ஆனதும் இன்னொரு முறை பாருங்கள். அப்போது எந்த நட்டும் நகரவில்லை என்றால் வெப்பத் தகட்டை மாட்டி மூடிவிடலாம். அதே இரண்டு நட்டுகள் மறுபடியும் இறங்கினால் மட்டும் தகட்டின் அந்த ஓரத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கேஸ்கெட்டின் விளிம்பில் கரிக்கோடு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.